கோட்டை இருக்கும் ஊரில் ஹவுசிங் போர்டு பிளாக்கும் பாரம்பரியமா?

கேள்வியின் சாரம் இது. வேலூரில் 1970-80களில் எழுந்த மூன்று மாடி ஹவுசிங் போர்டு பிளாக் ஒன்று. குடியிருப்போர் சங்கம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. காரை கொட்டுகிறது, கம்பி தெரிகிறது, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்கிறார்கள் பாதிப்பேர். இந்தக் காற்றும் வேப்பமர நிழலும் புதுக் கட்டடத்தில் கிடைக்காது என்கிறார்கள் மீதிப்பேர். இங்கிலாந்திலும் பிரான்சிலும் இதே காலத்துக் கான்கிரீட் குடியிருப்புகளைப் பாரம்பரியச் சின்னமாகப் பாதுகாக்கிறார்களே, நம்முடையதற்கும் அந்த மதிப்பு உண்டா? கோட்டையை வைத்திருக்கும் ஊரில் இதையும் பாரம்பரியம் என்று சொன்னால் யார் ஏற்பார்கள்?

மதிப்பு உண்டு. எல்லா பிளாக்குக்கும் ஒரே அளவில் இல்லை. ஆனால் அதை எடைபோடுவதற்கு முன் இரண்டு கேள்விகளைப் பிரித்து வைக்க வேண்டும். கட்டடம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பது ஒன்று. அந்தக் கட்டடத்துக்கு என்ன மதிப்பு என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குச் சுத்தியலும் பரிசோதனைக் கூடமும் பதில் சொல்லும். இரண்டாவதற்கு வரைபடமும் அங்கே வாழ்கிறவர்களும்தான் பதில் சொல்ல முடியும். சங்கக் கூட்டங்களில் நடப்பது என்னவென்றால், கூரையில் விழுந்த காரையைக் காட்டி "இதுக்கு என்ன மதிப்பு இருக்கு" என்று முடித்துவிடுகிறார்கள். வேலூர்க் கோட்டை மதிலின் இடுக்கில் அரசமரம் முளைத்தால் யாரும் கோட்டைக்கு மதிப்பு போய்விட்டது என்று சொல்வதில்லை, மரத்தைப் பிடுங்கச் சொல்கிறோம். அந்த நியாயம் வாரிய வீட்டுக்கும் பொருந்தும்.

முதலில் வயதுக் கணக்கைப் பார்த்துவிடலாம். மத்திய அரசின் 1958ஆம் ஆண்டு தொல்சின்னச் சட்டப்படி 100 ஆண்டுக்குக் குறையாத கட்டடம்தான் பழஞ்சின்னம். நம் கோட்டையும் ஜலகண்டேஸ்வரர் கோயிலும் அந்த வரிசையில் வரும், 1975ஆம் ஆண்டு பிளாக் வராது. அமெரிக்காவின் தேசியப் பதிவேட்டில் பொதுவாக 50 ஆண்டு கேட்கிறார்கள். இங்கிலாந்தில் 30 ஆண்டு தாண்டினாலே பரிசீலிக்கிறார்கள். டெல்லியில் ராஜ் ரேவால் வடிவமைத்து, மகேந்திர ராஜ் கட்டுமானக் கணக்குப் போட்ட 1972ஆம் ஆண்டு 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' கண்காட்சிக் கூடம் 2017 ஏப்ரலில் இடிக்கப்பட்டபோது, 60 ஆண்டு ஆகவில்லை என்பதே அதைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்காததற்குச் சொல்லப்பட்ட காரணம். அப்போது அதன் வயது 45. சுதந்திரத்துக்குப் பிறகு கட்டியவை இந்தியாவில் இப்படித்தான் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. பாதுகாக்கும் வயது வருவதற்குள் இடிக்கும் வயது வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டின் பாரம்பரிய ஆணையச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் ஒரு வாரிய பிளாக்கைச் சட்டப்படி சின்னமாக அறிவிக்க வைப்பதையே இலக்காக வைத்துக்கொண்டு உழைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த உழைப்பில் பாதியைக் கட்டடத்தின் கூரைமேல் செலவழித்தால் அது இன்னும் முப்பது ஆண்டு நிற்கும்.

வெளிநாட்டு உதாரணங்கள் இரு தரப்புக்கும் கைகொடுக்கும். அதனால் முழுதாகத் தெரிந்துகொள்வது நல்லது.

இடிக்கச் சொல்பவர்கள் சுட்டிக்காட்டுவது அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் இருந்த புரூட்-ஐகோ. 11 மாடி வீதம் 33 கட்டடங்கள், 2,870 வீடுகள், வடிவமைத்தவர் மினோரு யமாசாகி. 1950களின் நடுவில் முடிந்து, 1972இல் வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கி 1976க்குள் தரைமட்டமானது. நவீனக் கட்டடக்கலையே தோற்றது என்பதற்கு அந்தத் தூசி மேகப் படத்தைத்தான் எல்லாரும் காட்டுவார்கள். ஆனால் அங்கே பராமரிப்புச் செலவு முழுவதும் குடியிருப்போர் வாடகையிலிருந்தே வர வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. நகரத்தின் மக்கள்தொகை சரிந்தது, வீடுகள் காலியாயின, வாடகை வரவு குறைந்தது, லிப்ட்டும் குழாயும் பழுது பார்க்கப்படாமல் கிடந்தன, அதைப் பார்த்து இன்னும் பலர் வெளியேறினார்கள். வடிவமைப்பிலும் குறை இருந்தது, லிப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. ஆனாலும் கட்டடத்தைக் கொன்றது பெரும்பாலும் பராமரிப்புப் பணம் இல்லாமைதான். மாதச் சந்தா வசூலிக்க முடியாமல் தவிக்கும் எந்தச் சங்கத்துக்கும் இது புரியும்.

காப்பாற்றச் சொல்பவர்கள் காட்டுவது இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தின் பார்க் ஹில் குடியிருப்பு. 1957 முதல் 1961 வரை கட்டியது, ஏறத்தாழ 1,000 வீடுகள். ஒவ்வொரு மூன்றாவது மாடியிலும் பால்வண்டி போகும் அகலத்தில் தெரு போன்ற நடைபாதை வைத்தார்கள். 1998இல் அது உயர்தரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது. பிறகு புதுப்பித்தபோது முதல் கட்டத்தில் கான்கிரீட் சட்டகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, இடையில் இருந்த செங்கல் சுவரையெல்லாம் எடுத்துவிட்டு வண்ண அலுமினியப் பலகை பொருத்தினார்கள். அரசு வாடகை வீடாக இருந்ததில் பெரும்பகுதி விற்பனை வீடாக மாறியது. கட்டடம் பிழைத்தது, குடியிருந்தவர்கள் பெரும்பாலும் திரும்பி வரவில்லை. லண்டனில் எர்னோ கோல்ட்ஃபிங்கரின் பால்ஃப்ரன் டவரிலும் இதேதான் நடந்தது. அதே நகரத்தில் ஸ்மித்சன் தம்பதியர் வடிவமைத்து 1972இல் முடிந்த ராபின் ஹுட் கார்டன்ஸ் என்ற குடியிருப்புக்கு 2008இல் பாதுகாப்பு மறுக்கப்பட்டது, 2017இல் இடிப்பு தொடங்கியது. அதன் ஒரு துண்டை விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் எடுத்து வைத்திருக்கிறது. வீடு போய் வீட்டின் சுவர் மட்டும் காட்சிப் பொருளாவதில் குடியிருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி அங்கேயே எழுந்தது.

வேலூர் கவனிக்க வேண்டியது பிரான்சின் போர்தோ நகரத்தில் உள்ள கிராண்ட் பார்க் குடியிருப்பை. 1960களில் கட்டிய மூன்று பிளாக்குகள், 530 வீடுகள். லகத்தோன், வாசால் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் தம் கூட்டாளிகளுடன் சேர்ந்து ஒரு சுவரையும் வீணாக இடிக்காமல், முன்பக்கத்தில் 3.8 மீட்டர் ஆழத்துக்குக் கண்ணாடி அடைப்புள்ள கூடமும் பால்கனியும் சேர்த்தார்கள். வேலை நடந்த காலம் முழுவதும் மக்கள் தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். வேலை முடிந்த பிறகும் அதே குடும்பங்கள்தான் அங்கே. 2019இல் கட்டடக்கலைக்கான ஐரோப்பாவின் மீஸ் பரிசு இதற்குக் கிடைத்தது, 2021இல் இருவருக்கும் கட்டடக்கலையின் மிக உயர்ந்த பரிசான பிரிட்ஸ்கர். அங்கே யாரும் பழைய முகப்பை அப்படியே பாதுகாக்கவில்லை, முகப்பு முழுவதும் மாறிவிட்டது. வீட்டின் அமைப்பும் குடியிருப்போரும் மாறவில்லை. என் கணிப்பில், வெகுஜனக் குடியிருப்புக்குப் பாரம்பரிய மதிப்பு என்று ஒன்று இருந்தால் அது தங்கும் இடம் இதுதான்: வீடுகள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும் முறை, திறந்தவெளி, அங்கே தலைமுறையாக வாழ்பவர்கள். கான்கிரீட்டின் தோல் இவற்றுக்குப் பிறகுதான்.

இனி நம் ஊர். சென்னை நகர மேம்பாட்டு அறக்கட்டளை 1947இல் வந்தது. 1961இல் அது தமிழ்நாடு வீட்டு வசதி வாரியமானது. குடிசை மாற்று வாரியம் 1970இல் வந்து, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. சத்துவாச்சாரியில் 'பேஸ் ஒன்று, பேஸ் இரண்டு' என்று இன்றும் முகவரியிலேயே நிற்கும் வாரியப் பகுதிகள், ராணிப்பேட்டையில் பெல் நிறுவனத்தின் டவுன்ஷிப், ஜோலார்பேட்டையிலும் அரக்கோணத்திலும் ரயில்வே குவார்ட்டர்ஸ் என்று வட ஆற்காட்டில் இந்த வகை வீடுகள் பரவலாக உண்டு. மாதச் சம்பளக்காரர் தவணையில் சொந்த வீடு வாங்கலாம், சாதி கேட்காமல் குலுக்கலில் ஒதுக்கீட்டு ஆணை வரும், ஒரே படிக்கட்டில் ஆசிரியரும் தோல் தொழிற்சாலை மேற்பார்வையாளரும் நர்ஸும் எதிரெதிர் வாசலில் இருப்பார்கள் என்பது அதற்கு முன் இந்த ஊர் பார்க்காத ஏற்பாடு. தெருவின் பெயரே குடியிருப்பவரின் சாதியைச் சொன்ன மாவட்டத்தில் இது சின்ன மாற்றம் இல்லை. கோட்டைக்கு இருக்கும் வரலாறு போன்றதே இதற்கும் உண்டு, ஆட்கள்தான் வேறு.

அடுத்து வடிவமைப்பு. வேலூர் 13 டிகிரி வட அட்சரேகைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. டிசம்பர் மாத உச்சிவெயில் தெற்கு வானில் ஏறத்தாழ 54 டிகிரி உயரத்தில் நிற்கும். இரண்டடி நீட்டமுள்ள சன்ஷேடு தெற்கு ஜன்னலில் மேலிருந்து ஏறத்தாழ 80 செ.மீ. வரை நிழல் தரும், அதாவது நாலடி ஜன்னலில் மூன்றில் இரண்டு பங்கு. கோடையில் உச்சிச் சூரியன் கொஞ்சம் வடக்கே சாய்ந்துவிடுவதால் தெற்குச் சுவருக்கு வெயிலே இல்லை. ஆகவே நீளச் சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்த்து நிற்கும் பிளாக், மே மாத 40 டிகிரியிலும் ஓரளவு தாங்கும். மேற்கே வேறு கதை. மாலை நாலு மணி வெயில் தாழ்வாக வருவதால் எவ்வளவு நீள சன்ஷேடு வைத்தாலும் பலனில்லை. அதனால்தான் நல்ல பிளாக்குகளில் மேற்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத குறுகிய பக்கச் சுவரோ, படிக்கட்டோ, காற்றுத் துளைகள் உள்ள சிமென்ட் ஜாலியோ வைத்தார்கள். சுற்றிலும் பாறை மலை சூழ்ந்த ஊரில் அந்தி சாய்ந்த பிறகும் வெக்கை இறங்காது. ஜாலி வைத்த படிக்கட்டுக் கூடம் கீழிருந்து மேலே காற்றை இழுத்து வெளியேற்றும். எதிரெதிர் ஜன்னல் உள்ள வீட்டில் குறுக்குக் காற்று கிடைக்கும்.

உங்கள் பிளாக்கில் இவை இருக்கின்றனவா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றிப் பாருங்கள். திசைகாட்டியை வைத்து எந்தச் சுவர் எந்தத் திசை என்று குறியுங்கள். எத்தனை வீட்டில் எதிரெதிர் ஜன்னல் இருக்கிறது, எத்தனை பேர் ஜாலியை அடைத்துவிட்டார்கள், பிளாக்குக்கும் பிளாக்குக்கும் இடையே எத்தனை அடி, எத்தனை மரம், தண்டின் சுற்றளவு என்ன என்று எழுதுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் மனுப்போட்டு, லே-அவுட் வரைபடமும் பிளாக்கின் கட்டுமான வரைபடமும் கேளுங்கள். அதைத் தரையில் உள்ளதோடு ஒப்பிட்டால் எது மூலத் திட்டம், எது பின்னால் ஒட்டியது என்று தெரிந்துவிடும். மேற்கே படுக்கையறை ஜன்னல், ஒரு பக்கக் காற்று, பிளாக்குகளுக்கு இடையே பத்தடி என்று இருந்தால் அந்தப் பிளாக் வெறும் எண்ணிக்கைக்காகக் கட்டப்பட்டது. அதை மதிப்புள்ளது என்று வாதாட நான் வரமாட்டேன்.

இப்போது காரை கொட்டும் விஷயம். இதில்தான் நிறையத் தவறு நடக்கிறது.

அந்தக் காலத்துக் கான்கிரீட் பெரும்பாலும் சிமென்ட், மணல், ஜல்லி 1:2:4 கலவை. தளம் நாலு, நாலரை அங்குலம். கான்கிரீட்டுக்கான 1978ஆம் ஆண்டு ஐ.எஸ். 456 என்ற இந்திய விதியே தளத்துக்கு 15 மி.மீ. கவர்தான், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட் கனம்தான், கேட்டது. வேலையிடத்தில் கவர் பிளாக் வைக்காமல் ஜல்லிக் கல்லை முட்டுக்கொடுத்துக் கம்பி கட்டினால் அதுவும் 5, 10 மி.மீ.யாகக் குறைந்துவிடும். புதுக் கான்கிரீட் கடும் காரத்தன்மை உள்ளது, பி.எச். 12.5க்கு மேல். அந்தக் காரம்தான் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு மெல்ல உள்ளே போய் அந்தக் காரத்தைக் குறைக்கும். அது இறங்கும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 25 ஆண்டில் 15 மி.மீ. இறங்கியிருந்தால் 50 ஆண்டில் 21 மி.மீ. இருக்கும், 30 ஆகாது. அதாவது 10 மி.மீ. கவர் உள்ள இடமெல்லாம் எப்போதோ மாட்டிக்கொண்டது, 25 மி.மீ. உள்ள தூண் இன்னும் நன்றாக இருக்கலாம். ஒரே கட்டடத்தில் சன்ஷேடு நொறுங்கிக்கிடக்க, உள்கூடத்துத் தளம் ஊனமில்லாமல் இருப்பது இதனால்தான். சன்ஷேடின் கோலத்தைப் பார்த்து முழுக் கட்டடத்துக்கும் தீர்ப்பு எழுதக் கூடாது.

பாலாற்றுப் படுகையில் கூடுதலாக ஒரு கவலை உண்டு. தோல் தொழிற்சாலைக் கழிவால் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் கிணற்று நீரில் உப்பு ஏறியதை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனோம், 1996இல் தீர்ப்பு வந்தது. கம்பி போட்ட கான்கிரீட் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐ.எஸ். 456:2000. அந்தக் காலத்தில் பக்கத்துக் கிணற்றில் இறைத்துக் கலந்தவர்களிடம் நீர்ச் சோதனை எதிர்பார்க்க முடியாது. காரம் குறைந்ததால் வந்த துருவும் உப்பால் வந்த துருவும் வெளியே ஒரே மாதிரி தெரியும், வைத்தியம் வேறு. உப்பு உள்ள கான்கிரீட்டில் கெட்ட இடத்தை மட்டும் வெட்டிப் புதுக் கலவை அடைத்தால், ஒட்டின் ஓரத்தில் இருக்கும் பழைய கம்பி முன்னைவிட வேகமாக அரிக்கும். இரண்டு வருஷத்தில் ஒட்டைச் சுற்றி வட்டமாக மறுபடி வெடிக்கும். "ரிப்பேர் பண்ணியும் நிக்கல" என்று பலர் சொல்வதற்குப் பின்னால் இதுதான் இருக்கும். எனவே தூள் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் குளோரைடு பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் 0.6 கிலோ என்பது விதியின் உச்சவரம்பு.

பொறியாளரை அமர்த்தும்போது மேற்பரப்பில் தட்டி, எகிறும் அளவை வைத்து வலுவைச் சொல்லும் ரீபவுண்டு சுத்தியலை மட்டும் அடித்து அறிக்கை தருகிறேன் என்பவரை ஏற்க வேண்டாம். காரம் குறைந்த மேற்தோல் இறுகிப்போயிருக்கும், சுத்தியல் அதில் அடித்தால் உள்ளதைவிட அதிக வலு காட்டும். கேட்க வேண்டிய வரிசை: முதலில் ஒவ்வொரு அறையின் விரிசலும் குறித்த வரைபடம். பிறகு சின்னச் சுத்தியலால் கூரை முழுவதும் தட்டிப்பார்த்துப் பொள்ளலாக ஒலிக்கும் இடங்களைச் சாக்பீசில் வட்டமிடுவது. கவர் மீட்டரால் கம்பியின் ஆழம். புதிதாக உடைத்த முகத்தில் தூசி போக்கிவிட்டு 1 சதவீத பினால்ப்தலின் கரைசல் தெளிப்பது. ரோஸ் நிறம் வந்தால் காரம் இருக்கிறது, நிறம் வராத ஆழம் வரைக்கும் காரம் போய்விட்டது. கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் அரைக்கலச் சோதனையில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால் துரு நடந்துகொண்டிருக்க 90 சதவீத வாய்ப்பு, மைனஸ் 200க்கு மேல் இருந்தால் துரு இல்லாமலிருக்க அதே வாய்ப்பு. கான்கிரீட்டுக்குள் மீயொலி போகும் வேகம் நொடிக்கு 3.5 கி.மீ.க்கு மேல் என்றால் நல்ல கான்கிரீட், 3க்குக் கீழே என்றால் சந்தேகம். கடைசியாகக் கோர் வெட்டுதல், அதாவது கான்கிரீட்டில் துளையிட்டு உருளை வடிவில் மாதிரி எடுப்பது, மூன்றுக்குக் குறையக் கூடாது. 20 மி.மீ. ஜல்லிக்கு 75 மி.மீ. விட்டம் போதும். தரைத்தளக் கழிப்பறைக் கூரை, மொட்டை மாடித் தளம், நடு மாடிக் கூடம், சன்ஷேடு நாலையும் விடாமல் பார்க்கச் சொல்லுங்கள். கோர் எடுத்த துளையை அன்றே சுருங்காத சிமென்ட் கலவை (கிரவுட்) ஊற்றி மூட வேண்டும்.

ஒட்டுவேலை செய்யும் முறை. முதலில் அடியில் ஜாக்கி முட்டு. கெட்ட இடத்தின் ஓரத்தை 10 மி.மீ. ஆழத்துக்கு நேர்கோட்டில் அறுக்க வேண்டும், ஓரம் மெல்லிசாக இழைந்து முடியக் கூடாது. கம்பிக்குப் பின்னால் 20 மி.மீ. இடைவெளி வரும்வரை கொத்த வேண்டும், நீளவாக்கில் துருவில்லாத கம்பி தெரியும்வரை. கம்பியின் குறுக்குப் பரப்பில் கால் பங்குக்கு மேல் போயிருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். 8 மி.மீ. கம்பி 7 மி.மீ.க்குக் கீழே இளைத்துவிட்டது என்றால் அந்த நிலை. துருவைப் பளபளவென்று நீக்கி, துத்தநாகப் பூச்சு, பிணைப்புப் பூச்சு, பிறகு பாலிமர் கலந்த காரை, ஒரு தடவைக்கு 10 முதல் 15 மி.மீ. ஏப்ரல், மே மாதம் இந்த வேலை வைத்துக்கொள்ள வேண்டாம். கூரையின் அடிப்பக்கத்தில் ஈரச் சாக்கு நிற்காது, காய்ந்து விரிசல் விடும். சாதாரண சிமென்ட் காரையைத் துருவின்மேல் அப்பிச் சுண்ணாம்பு அடிப்பது அடுத்த மழைக்காலம் வரைதான்.

மொட்டை மாடிதான் எல்லாத் துன்பத்துக்கும் வாசல். மூலத்தில் இருந்தது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் 32க்கு 12.5 என்ற அளவில் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்துக் கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதித்த தளம். பத்தடிக்கு இரண்டு, இரண்டரை அங்குல வாட்டம். ஒழுகினால் இதைப் பெயர்க்காமல் மேலேயே இன்னொரு தளம் போடுவது வழக்கமாகிவிட்டது. மூன்று அங்குலப் புதுத் தளம் ஒரு சதுர மீட்டருக்கு 130 முதல் 150 கிலோ. ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு விதியில் வைத்த நடமாட்டப் பாரமே சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுதான். ஆக ஒரு தளம் கூடுதலாகப் போட்டவுடனே அந்தக் கையிருப்பு முழுவதும் தீர்ந்தது. அதன்மேல் வீட்டுக்கு ஒரு 1,000 லிட்டர் டேங்க், ஒவ்வொன்றும் ஒரு டன், அதுவும் தளத்தின் நடுவில். டேங்கைச் சுவரின் தலைக்கு நேரே நகர்த்துங்கள். பழைய தளம் இரண்டையும் பெயர்த்து எடுத்துவிட்டு ஒன்றே போடுங்கள். இதைவிட மலிவான பலப்படுத்தல் கிடையாது.

இன்னொரு ஆபத்து தரைத்தளத்தில். இந்தப் பிளாக்குகளில் பல, தூண் இல்லாமல் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் பாரம் தாங்குபவை. ஹாலைப் பெரிதாக்கவோ கடை வைக்கவோ கீழ்வீட்டுக்காரர் ஒரு சுவரை எடுத்தால் மேலே உள்ள மூன்று வீட்டுப் பாரமும் அந்தரத்தில் நிற்கும். 2002ஆம் ஆண்டு விதிப்படி வேலூர் நிலநடுக்க மண்டலம் மூன்றில் வருகிறது. கதவு, ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்தில் சுற்றிவரும் கான்கிரீட் பட்டை இல்லாத பழைய சுவர்களின் மூலைகள் பலவீனமானவை. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட வாரியக் கட்டடம் இடிந்தபோது, விரிசலைக் கண்டு முன்னதாக வெளியேறியதால்தான் மக்கள் பிழைத்தார்கள். விரிசல் குறுக்காக ஏறினாலோ, கதவு திடீரென்று இறுகினாலோ, அன்றே காலி செய்ய வேண்டும். அந்த இடத்தில் மதிப்புப் பேச்சுக்கு வேலையில்லை.

கோரின் சராசரி வலு எதிர்பார்த்ததில் 85 சதவீதத்துக்கு மிகவும் கீழே, குளோரைடு எங்கும் வரம்பு தாண்டியிருக்கிறது, சுவர்கள் வெட்டப்பட்டுவிட்டன என்று மூன்றும் சேர்ந்தால் இடிப்பதுதான் நேர்மை. சன்ஷேடு, பால்கனி, கழிப்பறைக் கூரை மட்டும் கெட்டிருந்தால் அது பழுதுபார்க்கும் கட்டடம்.

பணக் கணக்கையும் வெளிப்படையாகப் பேசுங்கள். 10,000 சதுர அடி நிலத்தில் 500 சதுர அடியில் 12 வீடு என்று வைத்தால் கட்டியிருப்பது 6,000 சதுர அடி. இன்றைய விதியில் தளப் பரப்பு விகிதம் 2, அதாவது 20,000 சதுர அடி கட்டலாம். அந்த 14,000 சதுர அடி வித்தியாசம்தான் கட்டுநரை வாசலுக்கு அழைத்துவருகிறது. கட்டடம் உறுதியாக இருந்தாலும் அவர் வருவார். 2022ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம். 12 வீட்டில் எட்டுப் பேர். மீதி நாலு பேரில் பெரும்பாலும் ஓய்வூதியத்தில் வாழும் முதல் ஒதுக்கீட்டுக்காரர்கள் இருப்பார்கள். இரண்டு மூன்று ஆண்டு வாடகை வீட்டில் இருக்க வேண்டும், திரும்பி வந்தால் லிப்ட்டும் ஜெனரேட்டரும் சேர்ந்த பராமரிப்புச் சந்தா பல மடங்கு. பார்க் ஹில்லில் நடந்தது இங்கே நடக்கும் வழி இதுதான். வாடகைக்கு இருப்பவர்களுக்கு வாக்கே இல்லை, அவர்களையும் கூட்டத்துக்கு அழையுங்கள். விற்பனைப் பத்திரத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் பிரிபடாத நிலப்பங்கு எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒதுக்கீட்டு ஆணையோடு நின்றுவிட்ட வீடுகளுக்கு, எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடுவதற்கு முன் பத்திரம் முடித்தாக வேண்டும்.

இடிப்பில் போவது எவ்வளவு என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 50 சதுர மீட்டர் வீட்டின் தளம் மட்டும் 5 கன மீட்டர் கான்கிரீட். 1:2:4 கலவையில் கன மீட்டருக்கு ஆறரை மூட்டை சிமென்ட் வைத்தால், ஒரு வீட்டுத் தளத்திலேயே 32 மூட்டை. அதற்காக ஒருமுறை சூளை எரித்தாயிற்று, பாலாற்று மணலை அள்ளியாயிற்று. அந்த ஆற்றில் இனி அள்ள மணல் இல்லை.

வைத்துக்கொள்வது என்று முடிவானால் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று ஒரு பக்கத்தில் எழுதிச் சங்கத் தீர்மானமாக்குங்கள். சமையலறை, கழிப்பறை, குழாய், மின்கம்பி எல்லாம் புதிதாகட்டும். கழிவுக் குழாயைச் சுவருக்குள் புதைக்காமல் வெளியே கைக்கு எட்டும்படி வையுங்கள். வயதானவர்களுக்காகப் படிக்கட்டுக் கூடத்துக்கு வெளியே தனி அடித்தளத்தில் தனித்து நிற்கும் லிப்ட் கூண்டு வைத்துப் படிமேடையோடு இணைக்கலாம், பழைய தளத்தில் பாரம் ஏற்றாமல். ஜாலியை அடைக்கக் கூடாது. கொசுவுக்கு உள்பக்கம் வலை அடித்தால் போதும். பாரச் சுவரில் கை வைக்கக் கூடாது. நடு வெளியை முழுக்க சிமென்ட் போட்டு வண்டி நிறுத்தமாக்கக் கூடாது, மரத்தின் வேரைச் சுற்றி ஆறடியாவது மண்ணாக விட வேண்டும்.

இடிப்பது என்று முடிவானாலும் மேலே சொன்ன அளவெடுப்பு வீண் போகாது. பிளாக்கை 1:100 அளவிலும் ஒரு வீட்டை 1:50 அளவிலும் வரைந்து, படிக்கட்டு, ஜாலி, ஜன்னல் விவரங்களைப் படமெடுத்து வையுங்கள். ஊரிலுள்ள பொறியியல் மாணவர்களுக்கு இது ஒரு பருவத்து வேலை. பிறகு கட்டுநரோடு போடும் ஒப்பந்தத்தில் இவற்றை நிபந்தனையாக எழுதுங்கள்: எல்லா வீட்டுக்கும் எதிரெதிர் ஜன்னல், மேற்கே ஜன்னலில்லாச் சுவர் அல்லது ஜாலி, வெளிச்சமும் காற்றும் வரும் படிக்கட்டு, குறித்துவைத்த மரங்கள் நின்ற இடத்திலேயே, பழைய குடும்பங்களுக்குப் பத்தாண்டுக்குப் பராமரிப்புச் சந்தாவில் உச்சவரம்பு. வரைபடத்தை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்த்து ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். வாய்ப்பேச்சில் விட்டால் முதலில் காணாமல் போவது மரம், அடுத்தது ஜன்னல்.